பந்தெறி வீரர் அடீ ஜொஸ்

ஒருவர் உலகில் எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்று கேட்பது நம் எல்லோருக்கும் இயல்பான வழக்கம். நீண்ட ஆயுளைப் பெரும் பேறாகக் கருதி வாழ்த்துகின்றோம். இளமையில் மறைந்தோரைக் குறித்து, இருந்திருந்தால் இன்னும் எவ்வளவோ செய்திருப்பார் என்று இரங்குகின்றோம். அந்த இரக்கம் நியாயமானதே. ஆயினும் இரக்கத்தோடு நாம் நின்றுவிட்டால், அவர் செய்து முடித்த காரியம் நம் கண்ணுக்குத் தெரியாமற் போய்விடும். செய்ததை அளந்து மதிப்பதா, செய்யாமல் விட்டதை எண்ணி வருந்துவதா என்ற கேள்வி, ஐக்கிய அமெரிக்காவில் ஒரு விளையாட்டு வீரரைக் குறித்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எழுந்து நின்றது. அவ்வீரரின் பெயர் ஏட்றியன் ஜொஸ். ஊரார் அவரை அடீ ஜொஸ் என்றே அழைத்தனர். அவருடைய வரலாற்றை எமது வாலிப அங்கத்தினரும் பெரியோரும் அறிதல் பயனுடைத்தென எண்ணி, இம்மலரில் சுருக்கமாகத் தருகின்றோம்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்காவின் வடபாகத்திலுள்ள விஸ்கொன்சின் மாநிலம் பசும்புல்லும் பால்மாடுகளும் நிறைந்த நாடு. அங்கே வுட்லாண்ட் என்னும் சிற்றூரில் 1880ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 12ஆந் திகதி ஜொஸ் பிறந்தார். தகப்பனார் ஜேக்கப் சுவிற்சர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர். பாற்கட்டி செய்வது அவர் தொழில். உள்ளூர் அரசியலிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. உழைப்பும் செல்வாக்கும் உடைய அம்மனிதரிடம் ஒரு பெருங்குறை இருந்தது. அவர் மதுவுக்கு அடிமையானார். அதன் பயனாக ஈரல் கெட்டு 1890இல் இறந்தார். மகனுக்கு அப்போது வயது பத்து.

குடும்பப் பாரம் தாயார் தெரேசாவின் தலையில் விழுந்தது. அப்பாரத்தை அவர் தளராமற் சுமந்தார். பத்து வயதுப் பாலகன் தன் வீட்டில் கண்டதை மறக்கவில்லை. வளர்ந்தபின், குடியும் கூத்தும் மலிந்திருந்த விளையாட்டு வீரர் கூட்டத்தின் நடுவில் வாழ நேர்ந்தபோதும் ஜொஸ் மதுவைத் தொடாமலே வாழ்ந்தார். பிறர் அறிவுரை கூறி ஏற்பட்ட நோன்பன்று இது. தாயின் கண்ணீரைக் கண்ட பிள்ளை தானாக மேற்கொண்ட நோன்பு.

ஜூனோ, போர்டேஜ் என்னும் ஊர்களில் ஆரம்பக் கல்வியும், பீவர் டாம் என்னும் ஊரிலுள்ள வேலன்ட் கல்விச்சாலையில் உயர்தரக் கல்வியும் பெற்றார். பதினாறு வயதளவில் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு, தாமே ஆசிரியராகிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பின்னர் ஒரு கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் பயிலும் வாய்ப்புக் கிடைத்தது. பொறியியலில் அவருக்கு நாட்டம் இருந்தது. அக்கல்லூரியின் பந்தாட்டக் குழுவிலும் சேர்ந்தார். கையும் காலும் நீண்டு, கம்பு போல மெலிந்து, ஆறடி மூன்று அங்குலம் வளர்ந்திருந்த அவ்விளைஞரின் பந்தெறியை அயலூரவர் வியந்து பேசத் தொடங்கினர்.

ஆட்டத்தின் இயல்பு

அவர் ஆடியது பேஸ்போல் என்னும் ஆட்டம். எமது வாசகர் பலர் கிரிக்கட் நன்கறிந்தவர். எல்லே ஆட்டமும் கண்டவர். ஆதலின் இதன் இயல்பை விளங்கிக்கொள்வது கடினமன்று. ஓரணிக்கு ஒன்பது பேர். ஒருவர் பந்தை எறிய, எதிரணியைச் சேர்ந்த ஒருவர் உருண்டைத் தடியால் அடிப்பார். அடித்தவர் முதலாந் தளம், இரண்டாந் தளம், மூன்றாந் தளம் என்று ஓடி, தொடங்கிய இடத்திற்கே மீண்டால் ஓர் ஓட்டம். மூவர் ஆட்டமிழந்தால் ஓரணியின் முறை தீரும். இவ்வாறு ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது முறை உண்டு. ஆகவே எதிரணியில் 27 பேரை ஆட்டமிழக்கச் செய்தாற்றான் ஓர் ஆட்டம் நிறைவுறும்.

கிரிக்கட்டில் ஓர் ஓவர் போட்டவர் அடுத்த ஓவரில் ஓய்வு பெறுவார். பேஸ்போலில் அவ்வாறன்று. ஒரே வீரர் தொடர்ந்து எறிவார். பந்து நிலத்திற் பட்டு எழும்புவதில்லை; அறுபதடி ஆறங்குலத் தூரத்திலிருந்து நேரே காற்றில் வரும். அடிப்பவருக்கு எட்டாத வண்ணம் நான்கு பந்துகள் தவறாக எறியப்பட்டால், அவர் அடியாமலே முதலாந் தளத்திற்கு நடந்து செல்லலாம். வேகம் மாத்திரம் இருந்து குறி தவறினால் எறிபவரே எதிரிக்கு வழி திறந்துவிட்டவராவார். எனவே கைவலிமையோடு மன அடக்கமும் வேண்டப்படும் தொழில் இது.

ஜொஸ் எறியும் முறை விசித்திரமானது. பந்தை உடலால் மறைத்து, அடிப்பவருக்கு முதுகைக் காட்டும்படி முறுக்கித் திரும்பி, பின் சுருள் அவிழ்வது போலத் திரும்பி எறிவார். பந்து எப்போது, எங்கிருந்து கையை விட்டு வெளிப்பட்டதென்று அடிப்பவருக்குத் தெரியாது. முறுக்கு இவ்வளவு இருந்தும் குறி தவறுவது அரிது. 1908ஆம் ஆண்டில் அவர் 325 இன்னிங்ஸ் எறிந்தார். அவ்வளவிலும் நான்கு தவறான பந்துகளால் இலவசமாக நடந்து சென்றோர் 30 பேர் மாத்திரமே. பத்து இன்னிங்ஸுக்கு ஒருவர் என்ற கணக்கும் நிரம்பவில்லை. விளையாட்டை அறிந்தோர் இன்றும் இத்தொகையைக் கண்டு வியக்கின்றனர்.

தொழிலிற் புகுதல்

1900ஆம் ஆண்டில் ஒகாயோ மாநிலத்து ரொலீடோ நகரக் குழு அவரை மாதம் 75 டொலர் சம்பளத்திற் சேர்த்துக்கொண்டது. அந்நகரமே பின் அவருடைய வாழ்விடமாயிற்று. இரண்டு ஆண்டுகளில் அவர் பெயர் பெருங்குழுக்களின் காதுக்கெட்டியது. 1902இல் கிளீவ்லாந்து நகரக் குழுவிற் சேர்ந்தார். இக்குழு 1903 முதல் அதன் பெருவீரர் நப்போலியன் லாஜுவேயின் பெயரால் நப்ஸ் என வழங்கிற்று. இன்று கார்டியன்ஸ் என்னும் பெயருடன் விளங்குவது அதுவே.

1902 ஏப்ரில் 26ஆந் திகதி பெருங்குழுவில் அவர் ஆடிய முதலாட்டம். எதிரணி சென். லூயிஸ் நகரத்துப் பிரவுண்ஸ். அவ்வாட்டத்தில் எதிரணி பெற்ற நல்லடி ஒன்றே ஒன்று. அதுவும் தாழ வந்த ஒரு பந்து. நிலத்திற் படுமுன் பிடித்துவிட்டதாகக் களத்திலிருந்த வீரர் வாதாடினார். மத்தியஸ்தர் இணங்கவில்லை. அத்தீர்ப்பு மாறியிருந்தால் முதல் நாளிலேயே நல்லடி ஒன்றும் கொடாத வீரர் என்ற புகழ் கிடைத்திருக்கும். கிளீவ்லாந்து மூன்று ஓட்டங்களால் வென்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் லிலியன் என்னும் நங்கையை மணம் புரிந்தார். நோர்மன் என்ற மகனும் ரூத் என்ற மகளும் பிறந்தனர்.

உடல்நலம் அவருக்கு ஒருபோதும் உறுதியான துணையாக இருந்ததில்லை. காய்ச்சல் ஒரு முறை, முதுகு நோவு ஒரு முறை என்று பருவத்தின் நடுவிலே படுக்கையில் விழுவார். ஆயினும் 1905 தொடக்கம் 1908 வரை நான்கு ஆண்டுகளிலும், ஆண்டுக்கு இருபதுக்குக் குறையாத வெற்றிகளைக் குழுவுக்கு ஈட்டிக் கொடுத்தார். 1907இல் அவர் பெற்ற வெற்றிகள் 27.

ஓய்வுக் காலத்து உழைப்பு

பேஸ்போல் கோடைகால ஆட்டம். பனிக்காலத்தில் வீரருக்கு வேலையுமில்லை, வரும்படியுமில்லை. அக்காலத்தில் ஓய்வூதியமென்பது எவரும் கேள்விப்படாதது. கையொன்றை நம்பி மனைவி மக்களை வைத்திருப்பது ஆபத்து என்பதை ஜொஸ் உணர்ந்தார். ரொலீடோ நியூஸ் பீ என்னும் பத்திரிகையில் விளையாட்டுக் கட்டுரைகள் எழுதத் தொடங்கினார். பிறர் எழுதிக் கொடுக்கத் தம் பெயரை மாத்திரம் இடும் வீரர் அக்காலத்திற் பலர். ஜொஸ் தாமே எழுதினார். ஆசிரியத் தொழில் செய்தவராதலின் எழுத்து அவருக்குக் கைவந்தது. 1907, 1908, 1909ஆம் ஆண்டுகளில் நடந்த உலகக் கிண்ணத் தொடரை நேரிற் சென்று பார்த்துப் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்பினார்.

பொறியியல் நாட்டமும் வீண்போகவில்லை. எறியப்பட்ட பந்து நல்ல பந்தா, தவறான பந்தா என்று தொலைவிலிருப்போர் அறிய முடியாதிருந்த காலம் அது. பார்வையாளர் யாவரும் கண்டு அறியும்படி மின்சாரத்தால் இயங்கும் ஓர் அறிவிப்புப் பலகையை அவர் வகுத்தமைத்தார். அது ஜொஸ் இண்டிக்கேற்றர் என்ற பெயருடன் கிளீவ்லாந்து லீக் பார்க் மைதானத்தில் நிறுவப்பட்டது. தமக்கு வாய்த்த திறமை ஒன்றே போதுமென்று மற்றவற்றைத் துருப்பிடிக்க விடும் இளைஞருக்கு இஃது ஒரு பாடம்.

1908 ஒக்டோபர் 2

1908ஆம் ஆண்டுச் சம்பியன் பட்டத்திற்காக டெற்றோயிற், கிளீவ்லாந்து, சிக்காகோ என்னும் மூன்று குழுக்களும் தோளோடு தோள் நின்று போராடின. பருவம் முடிய ஒரு வாரமும் இல்லை. அந்நிலையில் ஒக்டோபர் 2ஆந் திகதி கிளீவ்லாந்தில் சிக்காகோவும் கிளீவ்லாந்தும் சந்தித்தன. சிக்காகோவின் பந்தெறி வீரர் எட் வோல்ஷ். அவ்வாண்டில் மாத்திரம் 40 ஆட்டங்களை வென்ற பெருவீரர் அவர். அவருக்கெதிராக ஜொஸ் இறங்கினார். பதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் கூடியிருந்தனர்.

வோல்ஷ் அன்று தம் வாழ்நாளிலேயே சிறந்த ஆட்டங்களுள் ஒன்றை ஆடினார். கிளீவ்லாந்து வீரருள் 15 பேரைத் தடி படாமலே ஆட்டமிழக்கச் செய்தார். ஆனால் மூன்றாவது இன்னிங்ஸில் ஒரு சிறு தவறு நேர்ந்தது. ஜோ பேர்மிங்காம் என்னும் கிளீவ்லாந்து வீரர் முதலாந் தளத்தில் நின்றார். அவரை அகப்படுத்த முயன்றபோது, எறியப்பட்ட பந்து அவர் உடலிற் பட்டு விலகியோடியது. அவர் மூன்றாந் தளம் வரை சென்றுவிட்டார். பின் வோல்ஷ் எறிந்த பந்தொன்று பிடிப்பவர் கையைத் தப்பிப் போகவே பேர்மிங்காம் ஓடி வந்து ஓர் ஓட்டம் சேர்த்தார். அன்றைய ஆட்டத்தில் இரு பக்கமும் சேர்த்து விழுந்த ஓட்டம் அவ்வொன்றே.

மறுபக்கத்தில் ஜொஸ் எறிந்துகொண்டேயிருந்தார். முதல் இன்னிங்ஸில் மூவர் வந்தனர், மூவரும் போயினர். இரண்டாவதிலும் அவ்வாறே. ஐந்தாவது முடிந்தது, ஆறாவது முடிந்தது; ஒருவரேனும் முதலாந் தளத்தை மிதிக்கவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் சிக்காகோக் குழுவினர் தம் வழக்கமான அடிகாரரை நிறுத்தி, அவர்களுக்குப் பதிலாக மூவரை ஒருவர் பின் ஒருவராக அனுப்பினர். முதலிருவரும் ஆட்டமிழந்தனர். மூன்றாமவர் ஜோன் அண்டர்சன் அடித்த பந்து நிலத்தில் உருண்டு மூன்றாந் தளத்து வீரர் பில் பிராட்லியிடம் சென்றது. பிராட்லி அதை எடுத்து முதலாந் தளத்தில் நின்ற ஜோர்ஜ் ஸ்ரோவலிடம் எறிந்தார். ஸ்ரோவல் பிடித்தார். 27 பேர் வந்தனர். 27 பேரும் தளம் காணாது திரும்பினர். இவ்வாறு ஒருவரையும் தளமேற விடாமல் முடிக்கும் ஆட்டத்தைப் பூரண ஆட்டம் என்பர். இருபதாம் நூற்றாண்டு பிறந்தபின் அதற்குமுன் அதைச் செய்தவர் 1904இல் சய் யங் ஒருவரே. ஜொஸ் எறிந்த பந்துகள் யாவும் சேர்த்து 74 என்று கணக்கிட்டுள்ளனர்.

இந்த வெற்றியால் கிளீவ்லாந்துக்குப் பட்டம் கிடைத்ததா? இல்லை. மறுநாள் ஆட்டத்தில் சிக்காகோ வென்றது. பருவம் முடிந்தபோது டெற்றோயிற் 90 வெற்றியும் 63 தோல்வியும், கிளீவ்லாந்து 90 வெற்றியும் 64 தோல்வியும் பெற்றிருந்தன. வெற்றிகள் சமம். டெற்றோயிற் குழுவுக்கு மழையால் நின்றுபோன ஆட்டமொன்று திரும்ப ஆடப்படவேயில்லை. அக்கால விதி அதைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த அரை ஆட்ட வித்தியாசத்தால் பட்டம் டெற்றோயிற்றுக்குப் போயிற்று. பட்டத்தைத் தீர்மானிக்கக்கூடிய ஆட்டங்கள் நின்றுபோனால் திரும்ப ஆடியே தீரவேண்டுமென்ற விதி அதன் பின்னரே ஏற்பட்டது. கிளீவ்லாந்து முதன் முதல் சம்பியன் ஆனது 1920இல். ஜொஸ் அதைக் காண இருக்கவில்லை.

தளர்ச்சியும் முடிவும்

1910 ஏப்ரில் 20ஆந் திகதி அதே சிக்காகோக் குழுவுக்கெதிராக நல்லடி ஒன்றும் கொடாத இன்னோர் ஆட்டத்தை ஜொஸ் ஆடி முடித்தார். ஒரே குழுவுக்கெதிராக இரு முறை அவ்வாறு செய்த வீரர் வேறொருவர் தோன்ற 2014ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த ஒளி விளக்கணையுமுன் எழும் ஒளி போலாயிற்று. வலது முழங்கையின் தசைநார் கிழிந்தது. யூலை மாதத்தோடு அவ்வாண்டு ஆட்டம் நின்றது. அவ்வாண்டில் அவர் பெற்ற வெற்றிகள் ஐந்து, தோல்விகளும் ஐந்து.

பனிக்காலத்தில் ஓய்வெடுத்தால் கை தேறுமென்று நம்பினார். 1911 வசந்தத்தில் குழுவோடு தென்மாநிலங்களுக்குப் பயிற்சிக்குச் சென்றார். ஏப்ரில் 3ஆந் திகதி டெனசி மாநிலத்துச் சட்டனூகா நகரில், பழைய நண்பரொருவருடன் பேசிக்கொண்டிருக்கையில் மயங்கி விழுந்தார். வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். மறுநாள் வெளியே வந்தார். களைப்பென்றே பலரும் எண்ணினர். ரொலீடோவுக்குத் திரும்பியபின் நெஞ்சில் நோய் கண்டிருப்பதாக முதலிற் கருதினர். பின் முதுகந்தண்டிலிருந்து நீரெடுத்துச் சோதித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. சயரோகக் கிருமி மூளையைச் சூழ்ந்த சவ்வைப் பற்றியிருந்தது.

அக்கிருமியை 1882இலேயே கொக் என்னும் ஜேர்மானிய அறிஞர் கண்டறிந்திருந்தார். கண்டறிந்தபோதும் கொல்லும் மருந்து எவரிடமும் இல்லை. ஸ்ரெப்ரோமைசின் என்னும் மருந்து 1943இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. 1911இல் இந்நோய் வந்தவர் பிழைத்தல் அரிதினும் அரிது. ஏப்ரில் 12ஆந் திகதி ஜொஸ் தம் 31ஆவது பிறந்த நாளைப் படுக்கையிற் கழித்தார். ஏப்ரில் 14ஆந் திகதி உயிர் பிரிந்தது. இளம் மனைவியும் இரு குழந்தைகளும் எஞ்சினர்.

தோழர் காட்டிய அன்பு

இறுதிச் சடங்கு ஏப்ரில் 17ஆந் திகதி ரொலீடோவில் நடக்கவிருந்தது. அதே நாளில் கிளீவ்லாந்து குழுவினர் டெற்றோயிற் நகரில் ஆடவேண்டுமென்பது ஏற்பாடு. தம் தோழரைக் கடைசி முறை காணச் செல்ல வேண்டும், ஆட்டத்தை ஒத்திவையுங்கள் என்று வீரர் வேண்டினர். சங்கத் தலைவர் பான் ஜோன்சன் முதலில் இணங்கவில்லை. அவர் நோக்கில் அதற்கு நியாயம் உண்டு. ஆட்ட நாட்கள் முன்னரே குறிக்கப்பட்டவை. ஒவ்வொரு துக்கத்திற்கும் ஒத்திவைத்தால் ஒழுங்கு கெடும் என்று ஆளும் பொறுப்புடைய எவரும் அஞ்சுவர்.

வீரர் கூடினர். நாம் இறுதிச் சடங்குக்குப் போகின்றோம், ஆட்டத்திற்கு வரமாட்டோம் என்று எழுதி யாவரும் கையொப்பமிட்டனர். அவர்களுக்கு முன்னின்றவர் ஜோர்ஜ் ஸ்ரோவல். பூரண ஆட்டத்தின் கடைசிப் பந்தைப் பிடித்த அதே ஸ்ரோவல்தான். அவர்களுக்கு அன்று தொழிற்சங்கமில்லை, பாதுகாப்பில்லை, குழுவின் உரிமையாளர் நினைத்தால் எவரையும் நீக்கலாம். அதை அறிந்தே ஒப்பமிட்டனர். இறுதியில் தலைவர் இணங்கினார். ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. குழுவினர் யாவரும் ரொலீடோ சென்றனர். முன்னாள் பேஸ்போல் வீரரும், பின் பெயர்பெற்ற கிறிஸ்தவ போதகருமான பில்லி சண்டே அஞ்சலியுரை நிகழ்த்தினார். ரொலீடோ வுட்லோன் மயானத்தில் ஜொஸ் அடக்கம் செய்யப்பட்டார்.

கண்ணீரோடு கடமை தீர்ந்ததென்று அவர்கள் கருதவில்லை. குடும்பத்திற்கு ஆதரவு வேண்டும். அதற்காக 1911 யூலை 24ஆந் திகதி லீக் பார்க் மைதானத்தில் ஓர் உதவி ஆட்டம் நடத்தினர். கிளீவ்லாந்து ஒரு பக்கம். ஏனைய குழுக்களிலிருந்து தெரிந்தெடுத்த பெருவீரர் மறுபக்கம். டெற்றோயிற்றிலிருந்து ரை கொப், வொஷிங்டனிலிருந்து வோல்டர் ஜோன்சன், பொஸ்டனிலிருந்து ட்ரிஸ் ஸ்பீக்கரும் ஜோ வூட்டும், பிலடெல்பியாவிலிருந்து எடீ கொலின்ஸ் என்று முதல்தர வீரர் வந்து கூடினர். களத்தில் எவரோடும் பகை பாராட்டத் தயங்காதவர் என்று பெயரெடுத்த கொப், தம் உடுப்புப் பெட்டி வந்து சேராமையால் கிளீவ்லாந்துக் குழுவின் உடையை அணிந்து ஆடினார். 44 வயது நிரம்பிய சய் யங் கிளீவ்லாந்துக்காகப் பந்தெறிந்தார். ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் விருந்தினர் வென்றனர். பதினையாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்திருந்தனர். ஏறக்குறைய 13,000 டொலர் திரண்டு குடும்பத்தைச் சேர்ந்தது. ஜொஸ் தொழில் தொடங்கியபோது பெற்ற மாதம் 75 டொலர் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அதன் மதிப்புப் புலனாகும். பல குழுக்களின் முதல்வர் ஓரணியாகச் சேர்ந்து ஆடும் ஆட்டம் 1933 முதல் அமெரிக்காவில் ஆண்டுதோறும் பெருவிழாவாக நடைபெற்று வருகின்றது. அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே அத்தகைய ஓரணியைக் கூட்டியது ஓர் அகால மரணமும், அதனால் எழுந்த அன்புமாகும்.

பத்தாண்டு விதி

நியூயோர்க் மாநிலத்துக் கூப்பர்ஸ்ரவுன் என்னும் ஊரில் பேஸ்போல் புகழ் மண்டபம் ஒன்றுண்டு. ஆட்டத்தின் தலைசிறந்தோரைத் தெரிந்து அங்கே பெயர் பொறிப்பர். தெரிவு செய்யப்படுவதற்கு ஒரு நிபந்தனை: பெருங்குழுக்களில் குறைந்தது பத்து ஆண்டுப் பருவங்கள் ஆடியிருக்க வேண்டும். ஜொஸ் ஆடியது 1902 தொடக்கம் 1910 வரை, ஒன்பது பருவங்கள். பத்தாவது பருவத்திற்காகவே அவர் தெற்கே பயிற்சிக்குச் சென்றார். அது தொடங்கும் வேளையில் நோய் அவரை வீழ்த்தியது.

ஒன்பது ஆண்டுகளில் அவர் செய்ததோ இது: 160 வெற்றி, 97 தோல்வி. தொடங்கிய 260 ஆட்டங்களில் 234ஐத் தாமே இறுதிவரை எறிந்து முடித்தார். எதிரணிக்கு ஓர் ஓட்டமும் கொடாமல் வென்றவை 45. ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ஓட்டங்களின் சராசரி 1.89, பெருங்குழுக்களின் பழைய அட்டவணைகளில் இதனிலும் குறைந்த சராசரி உடையவர், அன்று எதிர்த்து நின்ற எட் வோல்ஷ் ஒருவரே. நல்லடியாலோ தவறான பந்துகளாலோ தளமேறியோர் தொகை, ஓர் இன்னிங்ஸுக்கு ஒருவருக்கும் குறைவு.

வோல்ஷ் 1946இலேயே மண்டபத்திற் சேர்க்கப்பட்டார். ஜொஸ் வெளியே நின்றார். விதியைக் காட்டி ஒரு பக்கத்தார் மறுத்தனர். வேலையைக் காட்டி மறுபக்கத்தார் வாதித்தனர். சில ஆண்டு மின்னி மறையும் வீரரையும் நெடுங்காலம் நிலைத்து நிற்கும் வீரரையும் பிரித்தறியவே அவ்விதி வகுக்கப்பட்டது. அது மூடத்தனமான விதியன்று. உழைப்பில் சலிப்புற்று விலகியவனுக்கு அது பொருந்தும். உழைப்பின் நடுவிலே கூற்றுவனால் அழைக்கப்பட்டவனுக்கும் அதே அளவுகோலைப் பிடிப்பது முறையா என்பதே கேள்வி. 1977இல் மண்டபத்தின் ஆட்சிக் குழுவினர் ஜொஸ் பொருட்டு அந்நிபந்தனையைத் தளர்த்தினர். 1978இல் அவர் தெரிவு செய்யப்பட்டார். இறந்து 67 ஆண்டுகள் கடந்தபின் வாயில் திறந்தது.

நாம் கொள்ளும் பாடம்

இவ்வரலாற்றில் கணக்கு மூன்று முறை குறுக்கே நிற்கக் காண்கின்றோம். அரை ஆட்டக் கணக்கால் பட்டம் போயிற்று. நாட்கணக்கால் தோழரின் இறுதிச் சடங்கு தடைப்படவிருந்தது. ஆண்டுக் கணக்கால் புகழ் மண்டபத்து வாயில் அடைத்தது. முதலாவதைத் திருத்த எவராலும் முடியவில்லை. எதிர்காலத்திற்கென விதியை மாற்றினர். இரண்டாவதைத் தோழர் ஒற்றுமையாய் நின்று மாற்றினர். மூன்றாவதை, ஜொஸ் ஆடக் கண்டிராத ஒரு தலைமுறையினர் மாற்றினர்.

சங்கங்களையும் சபைகளையும் நடத்தும் பெரியோருக்கு இதில் ஒரு சொல் உண்டு. விதியின்றி எந்த ஸ்தாபனமும் நிலைக்காது. அவ்விதி எதைக் காக்க எழுந்ததென்பதை மறவாமல், வேண்டிய இடத்தில் இரங்கத் தெரிந்தவரிடமே அது சிறப்புறும். எழுதியதை எழுதியபடி காப்பது எளிது. எழுதியதன் கருத்தைக் காப்பதே அரிது.

வாலிப நண்பர்களுக்கும் ஒரு சொல். ஜொஸ் தமக்கு ஒன்பது ஆண்டுகளே என்று அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தாலும் வேறு விதமாக வாழ்ந்திருப்பாரென்று தோன்றவில்லை. தகப்பனாரை வீழ்த்திய பழக்கத்தை விலக்கினார். ஒரு தொழிலில் உயர்ந்தபோதே இன்னொன்றைக் கற்றார். தோற்றபோது தூற்றாமலும், வென்றபோது துள்ளாமலும் நடந்தார். எதிர்த்து ஆடியவரும் அவர் குழந்தைகளுக்காக ஓடி வந்து ஆடினார்கள் என்றால், அது அவர் எறிந்த பந்துக்காக மாத்திரம் வந்த கூட்டமாகாது. அவர் நடந்த நடைக்காக வந்த கூட்டம் அது.

எமக்கு எத்தனை பருவங்கள் அளந்து வைக்கப்பட்டிருக்கின்றன என்பது எம்மில் எவருக்கும் தெரியாது. கையில் இருக்கும் பருவத்தைக் குறி தவறாமல் ஆடுவோமாக. தோழன் வீழ்ந்தால், அவன் வீட்டு வாயிலுக்கு முதலிற் செல்வோராகவும் இருப்போமாக.